ஆடிக்கும் பாத்ரோவுக்கும் நடுவே ஒரு நாள்

அன்புள்ள அண்ணிக்கு,

கால் வலிக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. எனக்கு நலம் என்று எழுதினால் பொய்; உங்கள் நலத்தை யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை. ஆகவே முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

இன்று மட்டும் ஐந்து வீடு பார்த்தேன். ஐந்திலும் இல்லை என்றார்கள். ஒருவர் கதவையே திறக்கவில்லை, ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு அம்மா டீ கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, என் ஊர் உறவெல்லாம் விசாரித்துவிட்டு, குடிவரப் போவது நான் என்றால் கொடுப்பாராம், கால்வாய்க்கரை ஆட்கள் என்றால் மாட்டாராம். நீங்கள் இருந்திருந்தால் திரும்பி வரும்போது அந்த அம்மா மாதிரியே பேசிக்காட்டிச் சிரிக்க வைத்திருப்பீர்கள். நான் பஸ்ஸில் தூங்கிப்போய் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

அண்ணன் சௌக்கியம், ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன். சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்கிறார். சாம்பாரில் புளி தூக்கலாக இருக்கிறது, அதைச் சொன்னால் கோபம் வருகிறது. உங்கள் புடவைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். வந்தபோது ஒரு வார்த்தை வங்காளம் தெரியாது. நான் இங்கேயே பிறந்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், உங்களுக்கு வாய்த்த ஒரே நாத்தனார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த குடிசைகளை ஒருநாள் அப்புறப்படுத்தினார்கள். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண் இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நின்றாள். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். பதினோரு நாள் அலைந்து அவளுக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு வீடு இழந்தவர்கள் யார் யாரோ உங்களைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

பிற்பாடு நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு ஒன்றில் சேர்ந்தீர்கள். அலிப்பூரில், கோர்ட்டுக்குப் பின்னால், ஒரே ஓர் அறை. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிக்குத்தான் சண்டை. அப்போது நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க்.

"ஏட்டி வத்சலா, அந்த ஆபீஸ்ல ஃபைலத் தூசி தட்டித் தட்டி என்னத்தக் கண்டே? எங்கூட வாட்டி. காலு வலிக்கும், ஆனா நல்லா உறக்கம் வரும்" என்றீர்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன். இரண்டுமே சரியாகத்தான் இருந்தது, காலும் உறக்கமும்.

உங்கள் பாத்ரூம் பரீட்சையைச் சொல்லாமல் எப்படி? எந்த வீடு பார்க்கப் போனாலும், வாடகை பேசுவதற்கு முன்னால், உங்கள் திருநெல்வேலி வங்காளத்தில் பாத்ரூம் போய்க்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, பல்பு எரிகிறதா, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவீர்கள். தாழ்ப்பாள் இல்லாத வீடு என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது, பெண்பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்பீர்கள். ஒரே நாளில் ஏழு வீட்டு பாத்ரூமுக்குப் போன பெண்மணி கல்கத்தாவில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். எனக்கு மானம் போகும். இப்போது நானே கேட்கிறேன், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மாலதியை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு வந்தவள். இந்த வருஷம் கால்வாயை அகலப்படுத்துகிறோம் என்று கரையோரக் குடிசைகளை இடித்தார்கள், அதில் அவள் வீடும் போயிற்று. அங்கிருந்த குடும்பங்களைப் பக்கத்தில் ஒரு கிளப் ஹாலில் தங்க வைத்தார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் புடவைதான் சுவர். மாலதி இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். புருஷன் நிமாய் சாமான் ஏற்றும் மூன்று சக்கர வேன் மிதித்தவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பிடித்துக்கொண்டால் நாலடி நடப்பார், படி ஏற முடியாது.

எனவே தரைத்தளமாக வேண்டும். தாழ்வான பேஹாலா பக்கம் தரைத்தளம் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதக்கும். தண்ணீர் வராத வீடு வேண்டுமென்றால் மாடிக்குப் போக வேண்டும். இரண்டு மாதம் தேடினேன். கடைசியில் ஒரு சந்துக்குள், தெருவிலிருந்து இரண்டு படி மட்டும் உயர்த்திக் கட்டிய ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள், எல்லோருக்கும் மாஷிமா, தனியாக இருப்பவர், எடுத்தெறிந்து பேசுவார், ஆனால் சாதி கேட்கவில்லை, மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கவில்லை. பாத்ரூமில் தாழ்ப்பாள் இருந்தது. ஆடி எட்டாம் தேதி சாவி என் கைக்கு வந்தது.

அண்ணி, அந்தச் சாவியை நான் மாலதியிடம் கொடுக்கவில்லை.

ஏன் என்று உங்களுக்கு விளங்கும். அண்ணன் ரிடையர் ஆனபோது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கெடு ஆடியில் வந்து விழுந்தது. ஒரு மாதம் எங்கள் சித்தி வீட்டில் இருந்துவிட்டு ஆவணியில் புது ஃப்ளாட்டுக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். "ரயில்வேக்கு ஆடி என்ன, ஆவணி என்னட்டி? சாமானத் தூக்கு" என்று சிரித்துவிட்டு ஆடியிலேயே போனீர்கள். மறு ஆடி பிறப்பதற்குள், போன வருஷம் ஆனியில், நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் 'ஆடியில் வீடு மாறினாள்' என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். நான் அவர்களை அதட்டவில்லை. என் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் எத்தனை ஆடியில் எத்தனை குடும்பத்துக்குச் சாவி கொடுத்திருக்கிறோம்! அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் உறுத்தியதில்லை. நீங்கள் போன பிறகு தை மாதம் வரை நான் வேலைக்கே வரவில்லை. வந்த பிறகு பிறந்த முதல் ஆடி இது. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போவேன், மாலதியைப் பார்ப்பேன், வாய் வராது. இவளையும் ஆடியில் குடியேற்றி ஏதாவது ஆகிவிட்டால்?

பொய் சொன்னேன். வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், மழையில் காயவில்லை என்றேன். ஒரு மாதம்தானே, ஆவணி பிறந்ததும் கொடுத்துவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நிமாய் ஈரச் சிமெண்ட் தரையில் படுத்துக் கிடந்தார். நான் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கி, "பெயிண்ட் காய்ஞ்சுதா திதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்பார். மூன்றாவது வாரம் முதுகில் புண் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் அவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஈரத்தில் படுக்க வைக்காதீர்கள் என்றாள். நான் மருந்து வாங்கிக் கொடுத்தேன். சாவி அப்போதும் என் பையில்தான் இருந்தது.

ஆவணி பிறந்தது. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஏதோ என் வீட்டு விசேஷம் மாதிரி உற்சாகமாக ஹாலுக்குப் போனேன். பெயிண்ட் காய்ந்துவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து சாமானை மாற்றிவிடலாம் என்று சொல்லிச் சாவியை நீட்டினேன். மாலதி கையை நீட்டவில்லை. அவள் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஞாயித்துக்கிழமையா? திதி, இன்னைக்கு ஷ்ராபோன் சங்கராந்தி. நாளைக்கு பாத்ரோ பொறக்குது. பாத்ரோ மாசத்துல புது வீட்டுக்குள்ள எப்படிக் கால் வைப்பேன்?"

நான் சாவியை நீட்டியபடியே நின்றேன். அண்ணி, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். பாத்ரோவில் வங்காளிகள் கல்யாணம் செய்யமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆடி முடிந்து ஆவணி வந்தால் நாம் எல்லாம் செய்வோம் என்றும் தெரியும். நம் ஆடிதான் அவர்கள் ஷ்ராபோன், அந்த ஆவணியும் இந்த பாத்ரோவும் ஒரே மாதம் என்பது மட்டும் ஐம்பத்தாறு வயது வரைக்கும் என் மண்டையில் ஏறவில்லை. தமிழ் மாதம் நம் வீட்டுச் சுவரில் இருந்தது, வங்காள மாதம் தெருவில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.

வீடே இல்லாதவளுக்கு மாதம் ஒரு கேடா என்று எங்கள் ஆபீஸிலேயே கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கேட்க வாயில்லை. வீடு வாசல் எல்லாம் உள்ள நானே ஆடிக்குப் பயந்து இருபத்து நாலு நாள் சாவியை ஒளித்து வைத்திருந்தேன். மாலதியிடம் கால்வாய்க்கரையிலிருந்து எடுத்து வந்ததில் உடையாமல் இருந்தது அவளுடைய நல்ல நாள் கெட்ட நாள் மட்டும்தான். அதையும் விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வது?

மாஷிமாவுக்கு போன் போட்டேன். ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"சாவிய வாங்கிக்கிட்டுப் போயி ஒரு மாசம் ஆகப்போகுது, ஆளையே காணோம். நாளையிலருந்து பாத்ரோ, நானும் யாரையும் உள்ள விடமாட்டேன். பாத்ரோ முடிஞ்சதும் என் தங்கச்சி பையன் வரேன்னு சொல்லியிருக்கான். வரதுன்னா இன்னைக்கு வா, விளக்கு வெக்கறதுக்குள்ள. இல்லேன்னா சாவியக் கொண்டாந்து குடுத்துடு."

மணி அப்போது பதினொன்றரை. வெளியே மழை. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அண்ணனை போனில் கூப்பிட்டேன்.

"அண்ணா, காலண்டர்ல இன்னைக்கு என்ன தேதி போட்டிருக்கு?"

"ஆவணி ஒண்ணு. ஏன், யாருக்கு முகூர்த்தம்?"

"சரியாப் பாத்துச் சொல்லுங்கண்ணா. ஆடி முடிஞ்சிடுச்சா?"

"தாளைக் கிழிச்சவனே நான்தானே. முடிஞ்சிடுச்சு. என்ன விஷயம்?"

வங்காளிகளுக்கு மாதம் நமக்கு ஒருநாள் கழித்துப் பிறக்கிறது. நமக்கு ஆடி போய்விட்டது, அவர்களுக்கு பாத்ரோ இன்னும் வரவில்லை. நடுவில் அந்த ஒரு நாள் இருந்தது, அதிலும் பாதி போயிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "நான் வரட்டுமா?" என்றார். உங்களோடு வாழ்ந்த காலத்தில் இந்த வேலையைப் பற்றி அண்ணன் கேட்ட கேள்வியெல்லாம் 'இன்னைக்காவது நேரத்தோட வருவீங்களா' என்பது ஒன்றுதான். உடனே வாருங்கள் என்றேன்.

அன்றைக்கு நாகதேவதை மானசாவுக்குப் பூஜை வேறு. சந்துக்குச் சந்து ஒலிபெருக்கி, வேன்காரர்கள் பாதிப்பேர் வண்டியை எடுக்கவில்லை. நிமாயின் பழைய சிநேகிதர் ஒருவரைக் கூப்பிட்டு வண்டி வாங்கவே மணி இரண்டாகிவிட்டது. வண்டி வந்த பிறகு பார்க்க வேண்டுமே நிமாயை! இத்தனை மாதம் அதிகம் பேசாமல் கிடந்த மனிதர், படுத்த இடத்திலிருந்து உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். அலமாரியைக் குறுக்கே போடு, நெட்டுக்குப் போட்டால் மேடு ஏறும்போது சரியும். கயிற்றை அந்தப் பக்கமிருந்து இழு. திதி, அது முடிச்சா? நாங்கள் எல்லோரும் அவர் சொன்னபடி கட்டினோம், பிரித்தோம், மறுபடி கட்டினோம்.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். இரண்டாவது நடையில் நிமாயை வண்டியில் படுக்க வைத்து, பாலித்தீன் விரிப்பை மேலே பிடித்துக்கொண்டு நடந்தோம். முழங்கால் தண்ணீரில் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினார். "ஸார், நீங்க தள்ளுனா வண்டி கோணப் போகுது. சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும் வாங்க" என்றார் நிமாய். நாலு பேரும் சிரித்துவிட்டோம். மாலதி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விளக்கு வைப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். இரண்டு படியிலும் அண்ணனும் வேன்காரரும் சேர்ந்து நிமாயைத் தூக்கி ஏற்றினார்கள். மாஷிமா மேலே தன் பூஜை அறையில் சங்கு ஊதினார். இங்கே சங்கு மங்கலம், அந்திக்கு அவர் தினமும் ஊதுவதுதான், ஆனாலும் மாலதி தனக்காக ஊதியது போலக் கைகூப்பிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரைக் கையால் தடவினாள். பழைய சுவர், அங்கங்கே காரை பெயர்ந்திருந்தது.

"பெயிண்ட்டே அடிக்கலையே திதி" என்றாள்.

மழுப்பியிருக்கலாம். இருந்த களைப்பில் எனக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. சாவி ஒரு மாதமாக என்னிடம் இருந்தது, எங்கள் ஜனங்கள் இந்த மாதத்தில் வீடு மாறமாட்டார்கள், என் பௌதி, அதுதான் என் அண்ணி, மாறினாள், இறந்துபோனாள், உனக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துவிட்டேன், எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழுவாள், இல்லாவிட்டால் போகட்டும் திதி என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் கல்லாகிவிட்டது.

"நான் என்ன உன் பௌதியா? எனக்கு ஷ்ராபோன் நல்ல மாசம். நீ என்னைக் கேட்டியா? வீட்ட இடிக்க வந்தவங்களும் என்னைக் கேக்கல. நீயும் கேக்கல. இவரு முதுகப் போய்ப் பாரு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அவருக்கு வங்காளம் நன்றாகவே புரியும். "நீங்க போங்க, ரொம்ப நனைஞ்சுட்டீங்க" என்று மாலதி அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னாள். நாங்கள் படி இறங்கினோம். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தச் சத்தம் கேட்டு நான் நின்றுவிட்டேன், அண்ணி. திட்டு வாங்கிய அவமானம் இருந்தது, கால் கடுத்தது, புடவை முழுக்கச் சேறு. அதையெல்லாம் மீறி ஒரு சந்தோஷம். மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் போட அவளுக்கு ஒரு கதவு கிடையாது. உடை மாற்றுவதென்றால் இன்னொருத்தியைப் புடவை பிடிக்கச் சொல்ல வேண்டும். இப்போது அவளுக்குக் கோபம் வந்தால் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது. என் முகத்துக்கு நேரே எத்தனையோ கதவு சாத்தியிருக்கிறார்கள், சந்தோஷப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். எதற்காக இப்படி அலைகிறாய் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன், அவரும் என்னோடு நின்றுகொண்டிருந்தார்.

பத்து நாள் மாலதியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நானும் போகவில்லை, போக முகமில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் அவளே போன் செய்தாள்.

"ஹால்ல இன்னும் ஏழு குடும்பம் இருக்கு. துர்கா பூஜைக்கு முன்னால காலி பண்ணணும்னு கிளப்காரங்க சொல்றாங்க. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு வெச்சிருக்கேன். யாருக்கு எந்தப் பக்கம் வேலை, யாருக்கு மாடி ஆகாது, யாரு பாத்ரோ பாப்பாங்க, யாரு பாக்கமாட்டாங்க, எல்லாம். ரெண்டு குடும்பத்துக்கு மாசம் ஒரு விஷயமே இல்ல, வீடு கெடைச்சா நாளைக்கே போவாங்க. நீ கேட்டாத்தானே? வந்து எழுதிக்க."

"கோபம் போயிடுச்சா மாலதி?"

"அது போகல. அது வேற, இது வேற."

போனேன். எழுதிக்கொண்டேன். இரண்டு குடும்பத்தில் ஒன்றைப் போன வாரம் குடியேற்றிவிட்டோம். சமையல் வேலை முடிந்த நேரத்தில் மாலதி என்னோடு வீடு பார்க்க வருகிறாள். நிமாயின் முதுகுப் புண் ஆறி வருகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், இன்னும் ஆறு குடும்பம் பாக்கி. முடியுமா என்று தெரியவில்லை.

மாலதி கேட்டது என்னை விடவில்லை. கேட்டியா, கேட்டியா என்று காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். உங்களிடமும் நான் கேட்காத ஒன்று இருக்கிறது.

போன வருஷம், வைகாசிப் புழுக்கத்தில், ஒரே நாளில் மூன்று வீடு பார்த்தோம். மூன்றாவது வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடி தாண்டியதும் நீங்கள் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். "ஏட்டி, ஒரு நிமிசம் இருந்துட்டுப் போவோம். மூச்சு வாங்குது" என்றீர்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார், போய்விட்டால் வீடு கிடைக்காது அண்ணி என்றேன். நீங்கள் கைப்பிடியைப் பிடித்து எழுந்து ஏறினீர்கள். வீடும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம்தான் இருந்தீர்கள். பழைய இதயக் கோளாறு, கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னதை நான் அறைக்கு வெளியே நின்று கேட்டேன்.

உங்களை ஆடி கொண்டுபோகவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆடியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்தப் படிக்கட்டை நான் நினைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்தச் சௌகரியத்துக்காக நிமாயை இருபத்து நாலு நாள் ஈரத்தில் கிடத்தினேன். என்ன செய்கிறது அண்ணி, நெஞ்சு வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களா? இல்லை, "ஒண்ணுமில்லட்டி" என்று சிரித்திருப்பீர்களா? கேட்கவில்லை, அதனால் எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

இதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிடுவேன். அவர் என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றாலும் சரி.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வேலையை விடமாட்டேன். இனி யாருக்கு வீடு பார்த்தாலும், அவர்களுக்கு எது நல்லது என்று நானாக முடிவு செய்யமாட்டேன், கேட்பேன். என்னோடு வருகிறவர் யாராக இருந்தாலும், படியில் உட்கார்ந்தால் பக்கத்தில் நானும் உட்காருவேன். வீட்டுக்காரர் கிளம்பிப் போனால் போகட்டும். வீடு வேறு பார்த்துக்கொள்ளலாம், அண்ணி.

என்றும் உங்களைத் தேடும்,
உங்கள் ஒரே நாத்தனார்
வத்சலா